ஒழுகுது என்று சொல்கிறவர்

அவர் எங்களுக்குச் சொந்தம் இல்லை. அப்பா அவரைத் தங்கச்சி என்று கூப்பிட்டதால் அக்காவுக்கும் எனக்கும் அத்தை. தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்தின், அந்த வரிசை வீடுகளின், கடைசிக் காம்பராவில் தனியாக இருந்தார். காலையில் கொழுந்து பறிக்கப் போவார். மாலையில் லயத்துக்குக் கீழே ரோட்டோரம் இருந்த தகரக் கொட்டிலில் மோட்டார் சைக்கிள்களின் கழுத்தைக் கழற்றிக் கிரீஸ் வைப்பார்.

கழுத்து என்று எங்கள் பக்கத்தில் சொல்வது ஹெண்டில் திரும்புகிற இடத்தை. அங்கே மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு இரும்புக் கிண்ணங்கள் இருக்கும். கிண்ணத்துக்குள் சிறு குண்டுகள், குண்டுகள் உருளக் கிரீஸ். தோட்டத்து ரோட்டில் கல்லும் குழியும் அதிகம், மழை அதைவிட அதிகம். தண்ணீர் உள்ளே போய்க் கிரீஸ் கழுவப்பட்டால், குண்டுகள் கிண்ணத்தில் பள்ளம் போட்டுவிடும். அப்புறம் ஹெண்டில் நேராக வரும்போதெல்லாம் அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். முடக்கில், ரோடு வளையும் இடத்தில், திருப்பப் பார்த்தால் கொஞ்சம் மறுத்துவிட்டுத்தான் திரும்பும். ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் பள்ளமுமாக இருக்கிற ரோட்டில் அந்தக் கொஞ்சமே அதிகம்.

முன்சக்கரத்தைத் தாங்கும் இரண்டு குழாய்களும் அவருடைய பொறுப்பில்தான் இருந்தன. குழாய்க்குள் ஒயில் இருக்கும். வாயில் உள்ள ரப்பர் வளையம் தேய்ந்தால் ஒயில் வெளியே கசிந்து, தூசியோடு சேர்ந்து கறுப்புக் களியாக வழியும். ஆனால் அத்தையை ஊர் நினைவில் வைத்திருப்பது இந்த வேலைக்காக அல்ல. ஒரு சொல்லுக்காக.

"ஒழுகுது."

எந்த இடத்திலும் யாரிடமும் ஒரே குரலில் அதைச் சொல்வார். கோபம் இருக்காது. அக்கறை என்றும் சொல்ல முடியாது. நேரம் கேட்டவருக்கு நேரம் சொல்வதுபோல இருக்கும்.

ஒருமுறை பெரட்டில், அதாவது காலையில் ஆள் பார்த்து வேலை பிரிக்கும் இடத்தில், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். முதல்நாள் கொழுந்து குறைவு, எல்லாருக்கும் கை மடங்கிப்போய்விட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். பெண்கள் தலைகுனிந்து நின்றார்கள். வரிசையில் இருந்து அத்தையின் குரல் வந்தது.

"ஐயா, ஒங்க வண்டி ஒழுகுது."

"என்னா?"

"முன்னுக்கு எடது பக்கம். ஒயிலு வழிஞ்சு கீழ வரைக்கும் வந்திருச்சு. பிரேக்குல பட்டா வண்டி நிக்காது."

பெண்கள் தலைத்துணியை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். கண்டாக்கு அத்தையை அன்று மேல்மலைக்கு அனுப்பினார். செங்குத்தான மலை, அட்டை நிறைந்த இடம். அத்தை கூடையை மாட்டிக்கொண்டு போனார். சாயங்காலம் கண்டாக்கின் வண்டி கொட்டிலில் நின்றது.

"எத்தன அட்ட கடிச்சிச்சு?" என்று கண்டாக்கு சிரித்தாராம்.

"கடிச்சிச்சு. ஆனா ஒங்க வண்டி அளவுக்கு நான் ஒழுகல" என்றாராம் அத்தை.

இதை அப்பா சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். கடைசிப் பேச்சு அப்பா சேர்த்ததாகவும் இருக்கலாம்.

கொட்டில் முதலில் அவருடைய கணவருடையது. மெக்கானிக் என்பதால் ஊருக்கு அவர் பாஸ். பாஸுக்குத் தடித்த விரல்கள். கிண்ணத்தில் கிரீஸைத் தடவி அதில் குண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டவைக்கும் வேலை அவருக்குச் சரிவராது. ஒரு குண்டு கீழே விழுந்தால் கையில் இருப்பதையும் சேர்த்து எறிந்துவிடுவார். அதனால் கொழுந்து கிள்ளிப் பழகிய விரல் என்று சொல்லி அத்தையைக் கொட்டிலில் உட்காரவைத்தார். பிறகு கட்டாரில் ஒரு கராஜில் வேலை கிடைத்துப் போய்விட்டார். எஞ்சின் வேலைகள் எல்லாம் ஹட்டன் டவுனுக்குப் போயின. கழுத்தும் ஒழுக்கும் அத்தையிடம் நின்றன.

பாஸ் கொஞ்ச காலம் வந்து போனார். அப்புறம் வரவில்லை. பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது புதிதாக வந்த யாராவது, "பாஸ் எப்ப வாறாரு?" என்று கேட்பார்கள். கூட நிற்கும் பெண்கள் அவசரமாக, "தீவாளிக்கு வருவாரு" என்பார்கள். அத்தை குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தபடி, "வர மாட்டாரு. அங்க வேற குடும்பம் ஆயிருச்சு" என்பார். கேட்டவர்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பார்.

லயத்தில் இது பெரிய விஷயம். கூரை ஒழுகினால் நாங்கள் கீழே சட்டியை வைத்துவிட்டுப் படுக்கையைத் தள்ளிப் போட்டுக்கொள்வோம். விருந்தாளி வந்தால் சட்டியை எடுத்து ஒளித்துவிடுவோம். அத்தை வீட்டில் சட்டி நடு அறையில் இருக்கும். வருகிறவர் அதைச் சுற்றித்தான் நடக்க வேண்டும்.

மாலையில் லயத்து முனையில் வரிசையாக நிற்கும் வண்டிகளுக்குக் கீழே அவர் காகிதம் விரித்து வைத்த ஒரு காலம் இருந்தது. சீமெந்துப் பையைக் கிழித்த காகிதம். காலையில் பெரட்டுக்குப் போகும் முன் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பார். எந்தக் கறை எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு உரியவரின் கதவைத் தட்டுவார். யாரும் கேட்காத வேலை இது. எனக்குத் தெரிந்து இதற்கு ஒருவரும் நன்றி சொன்னதில்லை. ஒரு பையன் தன் வண்டியைத் தண்ணீர் ஓடும் கானுக்கு மேலே குறுக்காக நிறுத்தப் பழகினான், சொட்டினாலும் தண்ணீரோடு போய்விடட்டும் என்று. அத்தை அடுத்த நாள் கானில் குனிந்து தண்ணீரைப் பார்த்துவிட்டு, "மெதக்குது" என்றார்.

அவரைப் பற்றிச் சொல்லும்போது சிரிப்பதோடு நிறுத்திவிட முடியாது. மேல் லயத்தில் ஒரு இளைஞர் முடக்கில் வண்டியோடு போய் இறந்தார். மழை, விதி, கண்பட்டுவிட்டது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கருமாதி வீட்டில், சாப்பாட்டுக்கு இலை போட்டுக்கொண்டிருந்த நேரம், அவருடைய தாய் யாரையும் பார்க்காமல், "எப்பிடி ஆச்சு, எப்பிடி ஆச்சு" என்று புலம்பிக்கொண்டிருந்தார். அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "கழுத்து காஞ்சு கெடந்துச்சு. கொண்டாந்து விடுன்னு நான் சொன்னேன்" என்றார்.

பெண்கள் அவரைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார்கள். அந்தத் தாய் பிறகு அவரோடு பேசவே இல்லை. அந்த இடத்தில் அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். அதற்கு அடுத்த வாரம் கொட்டிலுக்கு வெளியே வண்டிகள் ரோட்டில் வரிசையாக நின்றதையும் பார்த்தேன். இரண்டையும் சேர்த்து ஒரு முடிவுக்கு வர என்னால் முடியவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். கல்வியியற் கல்லூரிக்குப் போய், இப்போது வலப்பனைப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. பரீட்சை முடிவு வந்த அன்றிலிருந்தே லயத்தில் பலர் என்னை டீச்சர் என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். அத்தைக்கு மட்டும் நான் அதே "ஏய் புள்ள"தான். "ஏய் புள்ள, அந்த டப்பாவ இங்கிட்டுத் தள்ளு." தள்ளுவேன். ஆனால் எனக்குப் பிடிக்காது.

அக்கா எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். கொழுந்துக்குப் போனாள். அவளுக்கு வந்த இடங்கள் தட்டிப்போய், மூன்றாவதாக நானுஓயாப் பக்கத்தில் இருந்து ஒரு மாப்பிள்ளை வந்தார். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலுக்கு வேன் ஓட்டுகிறவர். படத்தைப் பார்த்துவிட்டு அக்கா அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகினாள். அவர்கள் பெண் பார்க்க வருவதாக இருந்த காலையில், எனக்குத் தலை வாரிக்கொண்டே கேட்டாள்.

"குடிக்கிற ஆளுன்னா எனக்கு வேணாம். அத எப்பிடித் தெரிஞ்சுக்கிறது? யாருடி சொல்லுவா?"

அப்பா இப்போது குடிப்பதில்லை. குடித்த வருடங்களை நான் புத்தகத்துக்குப் பின்னால் இருந்து கடத்தினேன். அக்கா நேராகப் பார்த்தாள். ஆகையால் அவள் கேட்டது சும்மா கேட்டதில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்தார்கள். மாப்பிள்ளை பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தார். வண்டி கழுவிப் பளபளவென்று இருந்தது, ஒரு பக்க மிதியில் மட்டும் கொஞ்சம் ஈரமண். முன்குழாயில் இடது பக்கம் மஞ்சள் துணி ஒன்று முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. இறம்பொடை அனுமார் கோயிலில் பூசை போட்ட துணி. எங்கள் பக்கத்தில் புது வண்டி வாங்கினால் அங்கே கொண்டுபோவது வழக்கம். கட்டிய துணியை யாரும் அவிழ்ப்பதில்லை, அதுவாக இற்று விழ வேண்டும்.

மாப்பிள்ளையின் அம்மா நன்றாகப் பேசுகிறவர். தேத்தண்ணியை வாங்கி வைத்துக்கொண்டு மகனைப் பற்றிச் சொன்னார். "அனுமாருக்குப் பூச போட்டுத்தான் ஓட்டுறான். இன்னிக்கு வரைக்கும் ஒரு கீறல் இல்லிங்க. குடிச்சாத்தானே விழுறதுக்கு? எம் புள்ள போத்தலத் தொட்டதில்ல."

எங்கள் அம்மா அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அடுப்படியில் அக்கா கைகளைச் சேலையில் துடைத்தபடி நின்றாள். அவள் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன்.

அப்போது வாசல் இருட்டியது. அத்தை நின்றார். கையில் அந்தத் துணி. மஞ்சள் ஒரு ஓரத்தில்தான் மிச்சம் இருந்தது, மற்றதெல்லாம் கறுப்பு. ஒரு சொட்டு வாசற்படியில் விழுந்தது.

"மாப்பிள்ள வண்டி ஒழுகுது."

மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். "ஐயோ, அது கோயில் துணிம்மா! யாரு ஒங்கள அவுக்கச் சொன்னது?"

"துணியில இருந்து சொட்டுச்சு. அதான் அவுத்தேன். ஒழுக்க மறைக்கத்தான் கட்டியிருக்கு. கழுத்தும் போயிருச்சு. எங்கயோ நல்லா இடிச்சிருக்கு."

"எம் புள்ள இடிக்கல!"

"வண்டி இடிச்சிருக்கு" என்றார் அத்தை.

அப்பா, "தங்கச்சி, நீ போ, நீ போ" என்று கையை ஆட்டினார். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணி பாதியில் நின்றது. நல்ல காரியம் பேச வந்த இடத்தில் சாமி துணியை ஒருத்தி அவிழ்த்துவிட்டாள், மகனைக் குடிகாரன் என்று சொல்லாமல் சொல்லிவிட்டாள் என்று மாப்பிள்ளையின் அம்மா வேன் வரைக்கும் சொல்லிக்கொண்டே போனார்.

மாப்பிள்ளை வண்டியை எடுக்கப் போனார். அத்தை பக்கத்தில் போய், "இதோட எறக்கத்துல போவாதீங்க" என்றார். அவர் ஹெண்டிலை ஒருதரம் திருப்பிப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்து அத்தையின் கையில் கொடுத்துவிட்டு, தன் அம்மா கூப்பிடக் கூப்பிட மெதுவாக நடந்து வேனில் ஏறினார். அடுப்படி யன்னலில் இருந்து அதை அக்காவும் நானும்தான் பார்த்தோம்.

இரண்டு நாளில், இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த மாமா போனில் சொன்னார். அடுத்த ஞாயிறு வண்டியை எடுக்க வருவார்களாம். துணியை அவிழ்த்த அந்தப் பெண் எல்லார் முன்னாலும், "நான் சொன்னது தப்பு" என்று ஒரு வார்த்தை சொன்னால் மேற்கொண்டு பேசலாமாம்.

"நீ படிச்ச புள்ள. நீ போயி எடுத்துச் சொல்லு" என்றார் அப்பா.

நான் கிளம்பும்போது அக்கா பின்னால் வந்தாள். "அப்பா சொன்னதச் சொல்லு. அதோட என்னா நடந்துச்சுன்னும் கேட்டுட்டு வா."

கொட்டிலில் மாப்பிள்ளையின் வண்டி முன்சக்கரம் இல்லாமல், எஞ்சினுக்குக் கீழே மரக்கட்டை முட்டுக் கொடுத்து நின்றது. அத்தை கழுத்தைக் கீழே இறக்கியிருந்தார். பழைய கிரீஸ் கிரீஸாகவே இல்லை. துருவும் மண்ணும் சேர்ந்து, அடிப்பிடித்த கஞ்சி மாதிரி கிண்ணத்தில் ஒட்டியிருந்தது. குண்டுகள் ஒரு மாஜரின் டப்பாவில் மண்ணெண்ணெயில் கிடந்தன. முன்குழாய்களில் இருந்து வடித்த ஒயில் ஒரு தாச்சியில் நாறியது. அந்த ஒயிலை அவர் மண்ணில் ஊற்றவிடமாட்டார், கீழே பீலித் தண்ணி இருக்கிறது. கறையான் அரிக்காமல் இருக்க ஆட்டுப்பட்டிக் கம்புகளுக்குப் பூசுவார்.

நான் நின்றபடியே பேசினேன். ஒரு பெண்ணுடைய வாழ்க்கை, உண்மையைச் சொல்வதற்கும் இடம் பொருள் இருக்கிறது, நீங்கள் சொன்ன விதம் தப்பு, ஒரு வார்த்தைதானே. ஒழுங்காகத்தான் பேசினேன். அத்தை புதுக் கிண்ணம் ஒன்றைத் துணியால் துடைத்து, டின்னில் இருந்து கிரீஸை இரண்டு விரலால் வழித்துச் சுற்றிலும் அப்பினார்.

"இவ்வளவு வைக்கணுமா?" என்றேன், வேறு பேச்சு வராததால்.

"அனுமாருக்கு வெண்ண பூசுறப்ப இப்பிடிக் கேப்பியா?"

குண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கிரீஸில் அழுத்தினார். அழுத்திய குண்டு அசையாமல் நின்றது. முழங்கை வரை கறுப்பாக இருந்தாலும் அந்த விரல்நுனிகள் ஒன்றிலும் தடுக்கவில்லை.

"அவரு குடிச்சிட்டா இடிச்சாருன்னு அக்கா கேட்டா" என்றேன்.

அத்தை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "இடிச்சது தெரியும். குடிச்சிருந்தானான்னு கிண்ணத்துல தெரியாது. அவன்கிட்டத்தான் கேக்கணும்."

"எப்பிடி அத்த கேக்குறது?"

"வாயால."

எனக்கு எரிச்சலாக இருந்தது. திரும்பிவிட்டேன். பின்னால் மண்ணெண்ணெய் டப்பாவை உருட்டும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கழற்றிய பழைய கிண்ணத்தைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏய் புள்ள" என்றார். "ஞாயித்துக்கெழம வாறேன். நான் சொன்னது தப்புன்னு சொல்லிடுறேன்."

"நெசமாவா?"

"தப்புத்தான். சொல்லணும்."

வீட்டில் வந்து சொன்னேன். அப்பா என் தலையில் கை வைத்து, "படிச்ச புள்ள பேசுனா அதுக்கு ஒரு மதிப்பு இருக்குதில்ல" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அக்கா மட்டும், "நான் கேட்டதுக்கு என்னா சொன்னாங்க?" என்றாள். சொன்னேன். அவள் அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

ஞாயிறு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் இந்த முறை சாய்ந்து உட்காரவில்லை. நாற்காலி நுனியில் இருந்தார்கள். எங்கள் அம்மா ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியை யாரும் தொடவில்லை. அத்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலுக்கு நேரே நிறுத்தினார். குழாய்கள் துடைத்துக் காய்ந்து இருந்தன. கை கழுவியிருந்தார், ஆனால் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. கையில் பழைய சேலைத்துண்டில் எதையோ சுற்றி வைத்திருந்தார்.

அப்பா எழுந்து நின்று, "தங்கச்சி ஒரு வார்த்த சொல்லணும்ங்குது" என்றார்.

"ஆமாங்க" என்றார் அத்தை. மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்துத்தான் பேசினார். "அன்னிக்கு நான் சொன்னது தப்புங்க."

அப்பாவின் தோள் இறங்கியது. மாமா, "பாத்தீங்களா, அவ்வளவுதான் விசயம்" என்று கையைத் தட்டினார். மாப்பிள்ளையின் அம்மாவும் தேத்தண்ணியை எடுக்கக் கையை நீட்டினார்.

"ஒருக்கா இடிச்சிருக்குன்னு நெனச்சு சொல்லிட்டேன். தெறந்து பாக்காம சொன்னது என்னோட தப்பு" என்றார் அத்தை. சேலைத்துண்டை விரித்தார். உள்ளே பழைய கிண்ணம். "ரெண்டு தடவ இடிச்சிருக்கு. இந்தா, ஹெண்டில் நேரா இருக்குறப்ப ஒரு வரிச பள்ளம். இது ஒடிச்சித் திருப்புனப்ப இடிச்சது, இன்னொரு வரிச."

மாமாவின் கைகள் தட்டிய இடத்திலேயே நின்றன. அப்பா என்னைப் பார்த்தார். நான் கிண்ணத்தைப் பார்த்தேன். இரண்டு வரிசையும் தெளிவாகத்தான் இருந்தன.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். "இதுக்குத்தான் கூப்புட்டீங்களா? எந்திரிடா. போலாம்."

மாப்பிள்ளை எழவில்லை. கிண்ணத்தை எட்டி வாங்கி, விரலால் உள்ளே தடவிப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். நல்ல சிரிப்பு என்று சொல்ல முடியாது. நீண்ட நேரம் மூச்சைப் பிடித்திருந்தவர் விடுவது மாதிரி இருந்தது.

"மூணு" என்றார்.

"என்னாடா மூணு?" என்றார் அவர் அம்மா.

"மூணு தடவ விழுந்திருக்கேம்மா." அவர் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மொதலாவது மிஸ்ட்டுல. மரக்கறி லொறி ஒண்ணு வெளிச்சம் போடாம நின்னுச்சு, நேராப் போயிட்டேன். அன்னிக்கு நான் குடிக்கல. ரெண்டாவது குடிச்சிருந்தேன்."

"டேய்!"

"கூட்டாளி கலியாணத்துல. மதகுல போயி இடிச்சேன். ஒங்களுக்குத் தெரியாது. அதோட விட்டுட்டேன். வேலையும் போயிருமில்ல. அதுக்கப்புறம்தான் ஒயிலு ஒழுக ஆரம்பிச்சிச்சு. அந்தத் துணிய நான்தான் ஹெண்டில்ல இருந்து எறக்கி அதுக்கு மேல கட்டுனேன். சாமி துணின்னா யாரும் தொட மாட்டாங்கன்னு." நிமிர்ந்து எங்கள் அப்பாவைப் பார்த்தார். "அன்னிக்கே சொல்லியிருக்கணும். அம்மா பேசிட்டாங்க, அதுக்கு மேல வாய் வரல."

மாப்பிள்ளையின் அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கோபத்தைவிட வேறு எதுவோ அவர் முகத்தில் இருந்தது. மகனைப் பற்றித் தனக்குத் தெரியாத ஒன்றை அந்நிய வீட்டில் உட்கார்ந்து கேட்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா தொண்டையைச் செருமினார். குடித்தேன், விட்டுவிட்டேன் என்கிற வார்த்தைக்கு அவர் என்ன பதில் சொல்ல முடியும்?

அத்தைக்கு வேலை முடிந்துவிட்டது. "ஒயிலு மாத்தியிருக்கு, கிண்ணம் ரெண்டும் புதுசு. கொஞ்ச நாள் ஓடுனதும் கொண்டாங்க, ஒருக்கா இறுக்கணும்" என்றார். மாப்பிள்ளை தலையாட்டினார்.

அடுப்படித் திரை விலகியது. பெண் பார்க்க வந்த இடத்தில், கூப்பிடாமல் பெண் வெளியே வருவது எங்கள் பக்கத்தில் இல்லை. அக்கா வந்து நடு அறையில் நின்றாள். மாப்பிள்ளையை நேராகப் பார்த்தாள்.

"மூணாவது எங்க விழுந்தீங்க?"

அவளுடைய குரலை அவர் கேட்பது அதுதான் முதல்தடவை.

மாப்பிள்ளை எழுந்து நின்றார். காது சிவந்திருந்தது. "இங்கதாங்க. போன ஞாயிறு, ஒங்கள பாக்க வாறப்ப. கொழுந்து நிறுக்குற மடுவத்துக்குக் கீழ முடக்குல. வேன் முன்னுக்குப் போயிருச்சு, யாரும் பாக்கல."

"குடிச்சிருந்தீங்களா?"

"இல்லிங்க. பயத்துல."

அத்தை கிண்ணத்தைத் திரும்ப வாங்கி ஒருதரம் உற்றுப் பார்த்தார். "அது இதுல விழல" என்றார்.

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. மாமாவாக இருக்கலாம். மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை. ஆனால் எழுந்திருக்கவும் இல்லை.

அக்கா குனிந்து, யாரும் தொடாத கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் அடுக்கினாள். ஆறிப்போன தேத்தண்ணியைப் பின்வாசலில் ஊற்றிவிட்டு, கேத்தலைக் கழுவி, எல்லாருக்கும் புதிதாகத் தண்ணி வைத்தாள்.